எரியாத யூனிட்

அவர் விளக்கை அணைப்பதற்கு முன் கேட்பார்.

பதுளை மின்சார அலுவலகத்தில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே அந்தக் கேள்வி என் காதில் விழுந்தது. கீழ்த்தளக் களஞ்சிய அறையில், வீடுகளிலிருந்து கழற்றிக் கொண்டுவந்த பழைய மீட்டர்களின் இலக்கங்களை எழுதிக்கொண்டிருந்தேன். இரும்பு அலுமாரிகளுக்குப் பின்னால் நிலத்தில் உட்கார்ந்திருந்ததால் வாசலிலிருந்து பார்ப்பவருக்கு நான் தெரியமாட்டேன். ஒரு செருப்புச் சத்தம் படியிறங்கி வந்து வாசலில் நின்றது.

"உள்ளுக்கு ஆராவது இருக்கினமே?"

"இருக்கேன் மிஸ்."

"அப்ப எரியட்டும்."

செருப்புச் சத்தம் திரும்பிப் படியேறியது. அவர்தான் எங்கள் பிரிவின் பொறியியலாளர் என்பது பகல் சாப்பாட்டு நேரத்தில் தெரிந்தது.

அவருடைய பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் படிப்பவருக்குப் பெயர்தான் மனதில் நிற்கும். எனக்கு நிற்பது அவருடைய வலது கை. மெலிந்த, நகம் ஒட்ட வெட்டிய கை. எந்த அறைக்குள் நுழைந்தாலும் அது முதலில் சுவரைத் தேடும். யாருமில்லாத அறையில் எரியும் விளக்கைக் கண்டால், வலியால் துடிக்கும் ஒருவரைப் பார்த்ததுபோல் அவர் முகம் சுருங்கும். ஆனால் ஒருநாளும் கேட்காமல் அணைத்ததில்லை. கேட்டுவிட்டு, பதில் வருவதற்கு இடம் விட்டு, மனதுக்குள் மூன்றுவரை எண்ணுவார் என்று நினைக்கிறேன். அதன்பிறகுதான் கை சுவிட்சில் விழும்.

யாழ்ப்பாணத்துக்காரர். பதுளைக்கு வந்து ஒன்பது வருடம் ஆகியிருந்தது. தனியாக ஒரு வாடகை வீட்டில் இருந்தார். அலுவலகக் கெட்டிலின் பக்கத்தில் சிவப்பு நகப்பூச்சால் சின்னச் சின்னக் கோடுகள் போட்டு, ஒரு கோப்பைக்கு எவ்வளவு தண்ணீர், இரண்டு கோப்பைக்கு எவ்வளவு என்று குறித்து வைத்திருந்தார். இரண்டு பேர் குடிக்கிற தேநீருக்கு எட்டுப் பேருக்கான தண்ணீரைக் கொதிக்க வைப்பதை அவரால் தாங்க முடியாது. அவர் நகங்களுக்குச் சாயம் பூசுவதில்லை என்பதால், அந்தச் சிவப்புப் பூச்சை வாங்குவதற்காகவே கடைக்குப் போயிருக்க வேண்டும்.

அலுவலகத்தில் ஒருவருக்குக் கல்யாணம் நடந்தது. வரவேற்பு மண்டபத்தில் வெறும் நாற்காலிகளுக்கு மேலே மின்விசிறிகள் சுற்றிக்கொண்டிருந்தன. பட்டுச்சேலையோடு எழுந்துபோய் ஒவ்வொன்றாக நிறுத்தினார். அவர் மண்டபத்து ஆள் என்று நினைத்துவிட்ட மாப்பிள்ளை வீட்டு மனிதர் ஒருவர், "அம்மா, அந்த மேசைக்கு மூணு சோடா கொண்டாங்க" என்றார். அவர் மறுபேச்சில்லாமல் போய் மூன்று சோடாவைக் கொண்டுவந்து வைத்தார். பிறகு என்னிடம் வந்து உட்கார்ந்து, "நல்லகாலம், பிளேட் கழுவச் சொல்லேல்லை" என்றார். அன்றைக்கு நான் அவரை முழுதாக நம்பத் தொடங்கிவிட்டேன் என்று நினைக்கிறேன். பெரிய காரணங்களால் வருகிற நம்பிக்கையைவிட, மூன்று சோடாவால் வருகிற நம்பிக்கை ஆழமாகப் போய்விடுகிறது.

எங்கள் பிரிவின் வேலை என்னவென்று சொல்லிவிட வேண்டும். மின்சாரம் விற்கிற இடத்திலிருந்துகொண்டு, மின்சாரத்தைக் குறைத்துப் பாவியுங்கள் என்று சனங்களிடம் சொல்வதுதான் எங்கள் வேலை. விற்பது குறைந்தால் வருமானம் குறையும். அதனால் எந்த விநியோகக்காரரும் அதை மனதாரச் செய்வதில்லை. அதற்காக, எங்களுக்கு மேலே இருந்து விதிகளைப் போடுகிற ஆணைக்குழு ஒரு வழி செய்திருந்தது. எங்கள் முயற்சியால் பாவனையாளர் மிச்சம் பிடித்த ஒவ்வொரு யூனிட்டுக்கும், விற்காமல் போன இழப்பை ஈடுசெய்து, அதற்கு மேல் ஒரு ஊக்கப் பங்கையும் தரும். இரண்டு நிபந்தனைகள். மிச்சத்தை மீட்டரில் காட்டி உறுதிப்படுத்த வேண்டும். அந்த மிச்சம் மூன்று வருடம் நிலைக்க வேண்டும்.

படித்தபோது எனக்கு இது அழகான யோசனையாகத் தோன்றியது. இப்போதும் யோசனையில் பிழை இருப்பதாக நினைக்கவில்லை. மிச்சம் என்றால் என்ன என்பதை யார் தீர்மானிக்கிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருந்தது.

ஒருநாள் அந்த அளவுகோடிட்ட கெட்டிலிலிருந்து இரண்டு கோப்பைத் தேநீர் ஊற்றிக்கொண்டு என் மேசைக்கு வந்தார். நான் எங்கே பிறந்தேன் என்று கேட்டார். கொஸ்லந்தப் பக்கம், தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில், என்றேன். அம்மா இன்னும் கொழுந்து எடுக்கிறாவா என்று கேட்டார். கூடப்பிறந்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்டார்.

"அக்காவை எங்கை கட்டிக் குடுத்தது?"

"மடுல்சீமைக்கு மிஸ். அங்க ஒரு டிவிசன்ல இருக்கா."

"லயத்திலையோ?"

"ஆமா மிஸ். பதினாலு காம்பரா, ஒரே மீட்டர்."

"அக்காவின்ர மனுசன் என்ன செய்யிறார்?"

மச்சான் தேயிலை ஃபெக்டரியில் சலிப்பு அறையில் வேலை செய்தவர். தூசியால் மூச்சு வாங்கத் தொடங்கி வீட்டோடு இருக்கிறார். ஆஸ்பத்திரியில் சொல்லி, மருந்தைப் புகையாக இழுக்கிற ஒரு சின்ன மிஷினை வாங்கி வைத்திருக்கிறோம். இதையெல்லாம் சொன்னேன். அவர் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு முழுதும் கேட்டார். "பாவம்" என்றார். அலுவலகத்தில் என் வீட்டைப் பற்றி அவ்வளவு நேரம் கேட்ட முதல் ஆள் அவர்தான்.

இரண்டு வாரம் கழித்து, மாதிரித் திட்டத்துக்கு ஐந்து லயங்கள் தேவை என்று கூட்டத்தில் சொன்னார். "உமக்குத் தெரிஞ்ச தோட்டம் ஏதும் இருந்தாச் சொல்லும் பிள்ளை" என்று என்னைப் பார்த்தார். நான் அக்காவின் லயத்தைச் சொன்னேன். பெருமையோடு சொன்னேன்.

திட்டம் இதுதான். காம்பரா என்கிற ஓரறை வீடு ஒவ்வொன்றுக்கும் மூன்று புதிய எல்.ஈ.டி. பல்ப் கொடுப்போம், பழைய குண்டு பல்புகளையும் கொயில் அடுப்புகளையும் வாங்கிக்கொள்வோம். லயத்துக் கோடியிலுள்ள மீட்டர் பெட்டியில் ஒரு கட்டுப்படுத்தும் கருவி பூட்டுவோம். குறித்த அளவுக்கு மேல் மின்சாரம் இழுத்தால் அது முழு லயத்தையும் நிறுத்திவிடும். சில நிமிடங்களில் தானாகத் திரும்ப வரும். ஒரே வாரத்தில் மூன்று தடவை நின்றால் பூட்டிக்கொள்ளும். அதன்பிறகு எங்கள் ஆள் போய்த்தான் திறக்க வேண்டும். மூன்று மாதம் அளந்து முடிந்ததும் கருவியைக் கழற்றிவிட்டு, காம்பராவுக்குக் காம்பரா தனி மீட்டர் கொடுப்போம்.

அந்தக் கடைசி வரிக்காகத்தான் சனங்கள் மற்ற எல்லா வரிகளையும் ஒத்துக்கொள்வார்கள் என்று எனக்குத் தெரியும். தனி மீட்டர் என்றால், பக்கத்துக் காம்பராவின் இஸ்திரிப் பெட்டிக்காகச் சண்டை போட வேண்டியதில்லை என்பது மட்டுமல்ல. தனி மீட்டருக்குத் தனி பில் வரும். பில்லில் ஒரு பெயரும் விலாசமும் இருக்கும். லயத்தில் பிறந்து லயத்தில் வாழ்கிறவளுக்கு, தன் பெயரோடு தன் வீட்டுக்கு வருகிற கடதாசி என்பது சின்ன விஷயம் இல்லை.

"பில்லுல என் பேரு வருமாடி?" என்று அக்கா போனில் கேட்டாள்.

"வரும்."

"மச்சான் பேரு இல்ல, என் பேரு?"

"ஒன் பேருதான். நானே எழுதித் தரேன்."

சம்மதக் கையெழுத்து வாங்குவதற்கு நான் வீடு வீடாகப் போக நினைத்திருந்தேன். ஒரு வீட்டுக்கு இருபது நிமிடம் என்று அட்டவணையும் போட்டுவிட்டேன். அவர் அதைப் பார்த்துச் சிரித்தார்.

"ஏன் பிள்ளை மினக்கெடுறீர்? காலமை பெரட்டுக்கு எல்லாரும் வருவினம்தானே. அதிலை வைச்சு வாங்கினாப் பத்து நிமிசம்."

வேலைக்குப் போகுமுன் தொழிலாளர்கள் வரிசையில் நின்று பெயர் கொடுக்கிற இடம் பெரட்டுக்களம். பெயர் கூப்பிட்டால் பதில் சொல்ல வேண்டும்; எந்த மலைக்குப் போ என்றாலும் போக வேண்டும். நான் அந்த வரிசையின் வாலில் அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு வளர்ந்தவள். பெரட்டில் யாரும் மறுப்புச் சொல்ல மாட்டார்கள் என்பது எனக்குத் தெரியாமல் இருக்க முடியாது. ஆனாலும் அன்று அது எனக்கு உறைக்கவில்லை. நேரம் மிச்சம் என்று மட்டும் நினைத்தேன். என் பிழைகளை வரிசைப்படுத்தினால் இதுதான் முதலாவது.

பசறை வழியாக வான் வண்டியில் போய் விடியலில் சேர்ந்தோம். பனிப்புகாருக்குள் ஐந்து லயத்துச் சனமும் கூடையோடு நின்றது. அவர் ஒரு சின்ன மேட்டில் ஏறி, தன் யாழ்ப்பாணத் தமிழை முடிந்தவரை இளக்கிப் பேசினார். பேசி முடித்ததும் தோட்டத் தலைவர் கையைத் தூக்கினார். தொழிற்சங்கத்தின் தலைவர், அக்காவுக்கு இரண்டு காம்பரா தள்ளி இருக்கிறவர், எதையும் நக்கலாகத்தான் கேட்பார்.

"மிஸ், ஒரு சின்னச் சந்தேகம். சீனி விக்கிற கடக்காரன், சீனியக் கொறச்சுச் சாப்பிடுங்கன்னு சொன்னா நாங்க என்னான்னு நெனைக்கிறது?"

சனம் சிரித்தது. மிஸ்ஸும் சிரித்தார்.

"நல்ல கேள்வி ஐயா. நீங்கள் சாப்பிடாத சீனிக்கு மேலிடம் எங்களுக்கு ஒரு பங்கு தரும். அதாலை எங்களுக்கு நட்டம் இல்லை."

"அப்ப சாப்பிடாத எங்களுக்கு?"

"உங்களுக்கு வீட்டுக்கு ஒரு மீட்டர். மூண்டு மாதத்திலை."

தலைவர் என்னைப் பார்த்தார். "தங்கச்சி, நெசந்தானா?"

"நெசந்தான் அண்ணே" என்றேன்.

பெயர் கூப்பிட்டோம். ஒவ்வொருவராக வந்து கையெழுத்து வைத்துவிட்டு, கொழுந்து மலைக்கு ஏறிப் போனார்கள். பத்து நிமிடம் அல்ல, பதினைந்து ஆனது.

கருவிக்கு எங்கள் கடதாசிகளில் நீளமான பெயர் இருந்தது. லயத்தில் அதைப் பூட்டு என்றார்கள். மூன்று மாதம் போனது. பிறகு ஆறு மாதம். பூட்டு அங்கேயே இருந்தது. கேட்டபோதெல்லாம் அவர் "அளவு முடியேல்லைப் பிள்ளை" என்றார்.

முதல் மாதத்திலேயே இரண்டு தடவை பூட்டிக்கொண்டது. காலையில் வேலைக்குப் போகும் அவசரத்தில் நாலு வீட்டில் ஒரே நேரத்தில் ரைஸ் குக்கரைப் போட்டால் போதும், பதினான்கு காம்பராவும் இருட்டாகிவிடும். மச்சானின் மிஷினும் நின்றுவிடும். அக்கா என்னிடம் கத்தவில்லை. "நீ பட்டியல் போடுறவதானே, ஒரு பட்டியல் போட்டுக் குடு" என்றாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை போய், தலைவரின் இஸ்தோப்பில், அதாவது காம்பராவின் முன்பக்கத் திறந்த திண்ணையில், உட்கார்ந்து எல்லா வீட்டையும் கேட்டு எழுதினேன். எந்த வீடு எத்தனை மணிக்குக் குக்கர் போடலாம். கெட்டில் எப்போது. இஸ்திரிப் பெட்டி எந்தக் கிழமை. அக்காவின் மூன்றாம் காம்பராவில் மிஷின் ஓடும்போது வேறு எதுவும் கூடாது. அதை எப்படித் தெரியப்படுத்துவது என்பதற்கு அவர்களே ஒரு வழி வைத்திருந்தார்கள். லயத்தில் வீட்டுக்கும் வீட்டுக்கும் ஒரே சுவர். அக்கா இரண்டு பக்கச் சுவரிலும் தட்டுவாள். பக்கத்துக் காம்பரா அடுத்த சுவரில் தட்டும். அப்படியே லயத்தின் இரண்டு கோடிவரைக்கும் தட்டு போய்ச்சேரும். பட்டியலின் கடைசி வரியாக அதையும் எழுதினேன்: சுவரில் தட்டினால் எல்லோரும் நிறுத்தவும்.

"ரயிலுக்குக்கூட இம்புட்டு டைம் டேபிள் கெடையாது" என்றார் தலைவர். ஒரு பெரிய அட்டையில் அதை எழுதி மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் ஒட்டினேன்.

அடுத்த தடவை கள ஆய்வுக்கு வந்தபோது மிஸ் அந்த அட்டையின் முன்னால் நெடுநேரம் நின்றார். "வடிவான எழுத்து" என்றார். போனை எடுத்துப் படம் பிடித்தார். எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

பிறகு ஒரு சனிக்கிழமை. பதினோராம் காம்பராவுக்கு விருந்தாளி வந்திருந்தார்கள். பட்டியலைப் பற்றித் தெரியாத ஒருவர் தேத்தண்ணிக்குக் கெட்டிலைப் போட, அந்த வாரத்தின் மூன்றாவது தடவையாக லயம் நின்றது. பூட்டிக்கொண்டது. மச்சானுக்குக் காலையிலிருந்தே இழுப்பு. அக்கா எனக்குப் போன் எடுத்தாள். நான் மிஸ்ஸுக்கு எடுத்தேன்.

"சனிக்கிழமை ஆள் இல்லையே பிள்ளை" என்றார். "திங்கள் முதல் வேலையா அனுப்புறன். அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வரச் சொல்லும். வான் இல்லாட்டி என்ர காரை அனுப்பட்டோ?"

அந்தக் குரலில் கனிவு இருந்தது. அதை மறைக்க மாட்டேன். ஆனால் கார் போய்ச் சேருவதற்குள் தோட்டத்து லொறி மச்சானை ஏற்றிக்கொண்டு புறப்பட்டுவிட்டது. அந்தப் பாதையில் லொறியின் பின்தட்டில் இரண்டு மணித்தியாலம். பதுளை ஆஸ்பத்திரி வாசலில் இறக்கியபோது மச்சானின் உதடு நிறம் மாறியிருந்தது. அக்கா அவரை நெஞ்சோடு சாய்த்துப் பிடித்திருந்தாள். என்னைப் பார்த்ததும், "தட்டினேன்டி. எல்லாரும் நிறுத்திட்டாங்க. அப்பவும் வரல" என்று மட்டும் சொன்னாள்.

மச்சான் பிழைத்துக்கொண்டார். மறுநாள் பின்னேரம் மிஸ் ஃப்ளாஸ்க்கில் சுடுதண்ணீரும் பிஸ்கட்டும் எடுத்துக்கொண்டு வார்டுக்கு வந்தார். மச்சானின் கையைத் தொட்டுப் பார்த்தார். அக்காவிடம் மன்னிப்புக் கேட்பதுபோல் ஏதோ சொன்னார். பக்கத்துக் கட்டில் காலியாக இருந்தது. அதன் தலைமாட்டில் ஒரு விளக்கு எரிந்தது. கை தானாகச் சுவருக்குப் போனது. அந்தப் பக்கம் படுத்திருந்த கிழவரிடம் கேட்டார்:

"இந்தக் கட்டிலிலை ஆராவது இருக்கினமே?"

இல்லை என்ற பிறகுதான் அணைத்தார். அவர் போனதும் அக்கா கேட்டாள்: "ஒங்க மிஸ் எப்பவும் இப்புடித்தானா?"

"கேக்காம அணைக்க மாட்டாங்க."

அக்கா பிஸ்கட் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாத முடிவில் அளவுகளைத் தொகுக்கும் வேலை எனக்கு. அக்காவின் லயத்துக்கு நேராக அந்தச் சனி பிற்பகலும் ஞாயிறும் திங்கள் காலையும் வெறுமையாக இருந்தன. அதைத் தனியாகக் குறித்து, அவரிடம் கொண்டுபோனேன்.

"பூட்டியிருந்த நாளை விலக்கிட்டுத்தான் மிச்சத்தைப் பாக்கணும் மிஸ். அது பல்ப்னால வந்த மிச்சம் இல்ல."

"எரியாத யூனிட் எரியாத யூனிட்தான் பிள்ளை" என்றார். "ஏன் எரியேல்லை எண்டு மீட்டர் எழுதாது."

"நாம எழுதலாமே மிஸ்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கோபப்படவில்லை. ஒரு குழந்தைக்கு விளங்கப்படுத்துகிற பொறுமையோடு பேசினார். உலகத்தில் எங்கோ ஒரு அணையில் அந்த யூனிட்டுக்கான தண்ணீர் இன்னும் இருக்கிறது; எங்கோ அவ்வளவு நிலக்கரி எரியாமல் இருக்கிறது; தண்ணீருக்கும் கரிக்கும் காரணம் தெரியாது. அவர் அதை நம்பித்தான் சொன்னார். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"அப்ப பூட்டு எப்ப கழட்டுவோம்?"

"கழட்டினா மிச்சம் போயிடுமே. மூண்டு வருசம் நிக்கவேணும்."

"மூணு மாசம்னு சொன்னோம் மிஸ். நானும் சொன்னேன்."

"நீர் சொன்னீர்தான்" என்றார், மெதுவாக.

ஆணைக்குழுவுக்குப் போகிற அறிக்கையின் பிரதிகளைக் கோவையில் கட்டும்போதுதான் வேறு இரண்டு விஷயங்களைப் பார்த்தேன்.

முதலாவது, என் அட்டையின் படம். ஒரு முழுப் பக்கம். கீழே, பாவனையாளர்கள் தாமாக முன்வந்து உருவாக்கிய மின்சிக்கன ஒழுங்கு என்று இருந்தது. சுவரில் தட்டுவதை, அயலவரிடையே வளர்ந்துள்ள தொடர்பாடல் பழக்கம் என்று விவரித்திருந்தது.

இரண்டாவது, கோவையின் அடியில் கிடந்த பழைய தாள். எந்த லயங்களைத் தெரிவு செய்வது என்பதற்கான முதல் வரைவு. அக்காவின் லயத்துக்கு நேரே, பென்சிலில், அவருடைய சாய்ந்த எழுத்தில்: கள உத்தியோகத்தரின் உறவினர் உள்ளனர். எதிர்ப்பு இராது.

அதிலிருந்த திகதிப்படி அந்தத் தாள், கூட்டத்தில் நான் தோட்டத்தின் பெயரைச் சொல்வதற்கு முந்தியது. தேநீர்க் கோப்பையோடு என் மேசைக்கு அவர் வந்த நாளுக்குப் பிந்தியது. நான் அந்தத் தாளை எடுத்த இடத்திலேயே வைத்தேன். கெட்டிலைப் பார்த்தேன். இரண்டு கோப்பைக்கான கோடு நடுவில் கொஞ்சம் உரிந்திருந்தது.

ஆணைக்குழுவின் ஆட்கள் பதுளையில் ஒரு மண்டபத்தில் கருத்துக் கேட்டார்கள். மூன்று பேர் மேசையில், பக்கத்தில் ஒரு மொழிபெயர்ப்பாளர். பயன் பெற்றவர் என்ற இடத்தில் தலைவரை எங்கள் அலுவலகமே அழைத்திருந்தது. வெள்ளைச் சட்டை போட்டு, தலையை எண்ணெய் வைத்துச் சீவிக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். மிஸ் எழுந்து திரையில் படங்களைக் காட்டிப் பேசினார். நன்றாகப் பேசினார். என் அட்டை திரையில் சுவரளவு பெரிதாக வந்தது.

மேசையில் இருந்த ஒருவர் முன்னால் குனிந்து ஏதோ கேட்டார். மொழிபெயர்ப்பாளர் தமிழில் சொன்னார்: "இந்த ஒழுங்கை மக்களே விரும்பி எழுதினார்களா என்று கேட்கிறார்."

"ஓம். அவையளின்ர எழுத்துத்தான்" என்றார் அவர்.

என் எழுத்தை இரண்டு வருடமாக ஒவ்வொரு நாளும் பார்த்தவர். வடிவான எழுத்து என்றவர்.

மேசையில் இருந்தவர் தலைவரைக் கைகாட்டினார். தலைவர் எழுந்து நின்றார். மிஸ்ஸை முதலில் பார்த்தார். பிறகு திரும்பி என்னைப் பார்த்தார். உண்மையைச் சொன்னால் எனக்கு வேலை போய்விடும் என்று கணக்குப் போட்டார் என்பது அந்தப் பார்வையிலேயே தெரிந்தது. கைகள் தாமாக உடம்போடு ஒட்டிக்கொண்டன, பெரட்டில் நிற்பதுபோல்.

"ஆமாங்க" என்றார்.

இவ்வளவு நக்கல் பேசுகிற மனிதர், எனக்காக அந்த ஒரு சொல்லோடு உட்கார்ந்துவிட்டார். நான் எழுந்தேன்.

"அது என் எழுத்து" என்றேன். "அந்த லயத்துல யாரும் விரும்பி எழுதல. பூட்டு விழாம இருக்கிறதுக்காக நான் எழுதிக் கொடுத்தது. கடைசி வரிய வாசிக்கச் சொல்லுங்க. மூச்சு வாங்குற ஒருத்தருக்காக அது."

மொழிபெயர்ப்பாளர் அதைச் சொல்ல நேரம் எடுத்துக்கொண்டார். பூட்டியிருந்த நாட்கள், மூன்று மாதம் என்று சொன்னது, பெரட்டில் கையெழுத்து வாங்கியது என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். கடைசியாகச் சொன்னதில் என் பிழையும் இருந்தது. மிஸ் என்னைத் தடுக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

வெளியே படியில் எனக்காகக் காத்திருந்தார்.

"எனக்கு முதல்லை சொல்லியிருக்கலாம் பிள்ளை."

"சொன்னேன் மிஸ்."

அவர் யோசித்தார். உண்மையாகவே ஞாபகப்படுத்திப் பார்த்தார் என்று நினைக்கிறேன். பிறகு குடையை விரித்துக்கொண்டு இறங்கிப் போனார்.

ஆறு வாரம் கழித்து அக்காவின் லயத்தில் பூட்டைக் கழற்றினார்கள். தனி மீட்டர் பரிசீலனையில் இருப்பதாகக் கடிதம் வந்தது. அக்கா பெயருக்கு அல்ல. தோட்ட நிர்வாகத்தின் பெயருக்கு. மற்ற நான்கு லயங்களில் பூட்டு அப்படியே இருந்தது. அங்கே யாரும் முறையிடவில்லை என்று காரணம் சொன்னார்கள். அங்கே எனக்கு உறவினர் யாரும் இல்லை.

என்னைக் கள வேலையிலிருந்து எடுத்து, கீழ்த்தளக் களஞ்சிய அறைக்குப் பொறுப்பாகப் போட்டார்கள். பழைய மீட்டர்கள், இரும்பு அலுமாரிகள், ஒற்றை விளக்கு. தலைவர் ஒருநாள் பதுளைக்கு வந்தபோது எட்டிப்பார்த்துவிட்டு, "என்னா தங்கச்சி, ஒன்னயும் கழட்டிக் கொண்டாந்து இங்க வச்சிட்டாங்களா" என்றார். பூட்டு இன்னும் இருந்த லயங்களைப் பற்றி நான் கேட்டிருந்த விபரங்களைப் பழைய பெரட்டுச் சீட்டுகளின் பின்பக்கத்தில் எழுதிக் கொண்டுவந்திருந்தார். நாலு லயத்துக்கும் வீடு வீடாகப் போய்க் கேட்டதற்கு அவருக்கு மூன்று ஞாயிற்றுக்கிழமை பிடித்திருந்தது.

மிஸ் மாற்றலாகிப் போவதற்கு முந்திய வாரம் அது. பின்னேரம் ஐந்து மணி. அலுமாரிக்குப் பின்னால் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தேன். செருப்புச் சத்தம் படியிறங்கி வந்து வாசலில் நின்றது.

"உள்ளுக்கு ஆராவது இருக்கினமே?"

உள்ளே நான்தான் இருக்கிறேன் என்று அவருக்குத் தெரியும். அந்த நேரத்தில் வேறு யாரும் அங்கே இருப்பதில்லை. ஆனாலும் கேட்டார். குரலில் எந்த மாற்றமும் இல்லை. மூன்றுவரை எண்ணும் அந்த இடைவெளியும் இருந்தது.

"இருக்கேன் மிஸ்."

"அப்ப எரியட்டும்."

சத்தம் படியேறிப் போனது. நான் குனிந்து எழுத்தைத் தொடர்ந்தேன். ஆணைக்குழுவுக்கு முறைப்பாட்டோடு அனுப்ப வேண்டிய பட்டியல்; நான்கு லயம், ஐம்பத்திரண்டு காம்பரா. ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி. முதல் நிரலில் காம்பரா இலக்கம், இரண்டாவதில் பெயர். மூன்றாவது நிரலுக்கு மேலே, உள்ளே இருப்பவர்கள் என்று எழுதியிருந்தேன்.